கட்டைச்சுவரில் ஒரு கை

குற்றாலத்தில் வெள்ளைக்காரர் கட்டிய செங்கல் பங்களாவுக்கு, வருஷா வருஷம் சாரலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பது புலமாடன்தான். அந்தக் கல்லெல்லாம் அவர் அப்பா அறுத்துச் சுட்டது. காயப் போட்டிருந்த ஈரக் கல் ஒன்றில், ஐந்து வயதுப் புலமாடன் வலது கையை அழுத்திவிட்டான். முதுகில் ரெண்டு வைத்த அப்பா, கல்லை வீணாக்க மனமில்லாமல் சூளையில் ஏற்றினார். அது வராந்தாக் கட்டைச்சுவரின் மேல்வரிசையில் உட்கார்ந்துவிட்டது.

வெள்ளைக்காரர் போனபின் பங்களா கடையநல்லூர்க்காரர் மசூத் என்பவர் கைக்கு வந்தது. புலமாடன் பேரனும் எடுத்துவிட்டார். அந்த ஒரு கல்லுக்கு மட்டும் அவர் சுண்ணாம்பு பூசுவதே இல்லை. வேலை தொடங்குமுன் அதில் கையை வைத்துப் பார்ப்பார். அச்சாகப் பொருந்தும். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அறுபத்திரண்டாம் வருஷம் மசூதின் மனைவி ஜாஹிரா பீவி அதைக் கவனித்தாள்.

"இது யாரு கை, அண்ணாச்சி?"

"என் கைதாம்மா. அஞ்சு வயசுல வச்சது."

அவள் கல்லையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கா இம்புட்டுப் பெரிய கை?"

புலமாடன் கல்லையே பார்த்தார். இத்தனை வருஷமாக இது தனக்கு உறைக்கவே இல்லையே! குழியே தெரியாதபடி சுண்ணாம்பைக் குழைத்து அப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அந்த வருஷச் சாரல் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது. அடுத்த வருஷம் அவர் வந்தபோது கல்லில் கை தெளிவாகத் தெரிந்தது. அதில் சுண்டுவிரல் மட்டும் இல்லை.

புலமாடன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் இருந்தது. இன்றைக்கு இருந்தது.