பட்டாளத்து டயர்

போன மாதம் பேரன் தன் மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனான். எனக்குக் கண்ணுக்கு மருந்து போட வேண்டியிருந்தது. அவனுக்கு வண்டியின் பின் டயரை மாற்ற வேண்டியிருந்தது. எதற்கு முதலில் போனோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் தரையிலிருந்து கூரை வரைக்கும் டயர்கள் அடுக்கியிருந்தன. கடைக்காரத் தம்பி பொறுமையானவன். ஒன்றை உருட்டிக் கொண்டுவந்து, இது தார் ரோட்டுக்கு, மழைத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்கு வெட்டு வைத்திருக்கிறது என்றான். அடுத்தது வெட்டே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. தேய்ந்துபோனதை எதற்கு விற்கிறான் என்று நினைத்தேன். அது பந்தயத் தளத்துக்காம். சூடு ஏறினால் பசை மாதிரிப் பிடிக்குமாம், ஈரத்தில் ஆளைக் கவிழ்த்துவிடுமாம். மூன்றாவது கட்டை கட்டையாக, முதலை முதுகு போலத் துருத்திக்கொண்டு நின்றது. அது மண்ணுக்கு. மூன்றுக்கும் ஆகிற மாதிரி ஒரே டயர் கிடையாதா என்று பேரன் கேட்டான். இருக்கிறது, ஆனால் எதிலும் முழுசாக நிற்காது என்றான் தம்பி.

பிறகு, போகிற பாதை எப்படி என்று சொன்னால்தான் தன்னால் டயரைச் சொல்ல முடியும் என்றான். பேரன் என் பக்கம் திரும்பினான்.

“தாத்தா, நம்ம பனங்காட்டுக்குப் போற தேரியில மண்ணு இப்ப எப்படிக் கெடக்கு?”

அறுபது வருசத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கேள்வியை இன்னொருவர் என்னிடம் கேட்டார். அவர் கையிலும் அப்போது டயர்தான் இருந்தது.

தேரி என்றால் எங்கள் பக்கத்துச் செம்மணல் காடு. நாசரேத்துக்குத் தெற்கே இறங்கினால் பனையும் மணலுமாகக் கிடக்கும். ஆனி ஆடிக் காற்றில் அந்த மணல் இடம் மாறும். நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. எங்கள் ஊர் தேரிக்கு அந்தப் பக்கம். தார் ரோட்டிலிருந்து மூன்று மைல். மாட்டுவண்டியே அச்சு வரைக்கும் புதையும். அதனால் கல்யாணம், சாவு என்றால் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து பனையோலையை வெட்டி மணல்மேல் வரிசையாகப் பரப்புவார்கள். அதன்மேல் வண்டி ஓடும். பெரிய வீட்டுக் காரியம் என்றால் ஓலை ரோடு வரைக்கும் கிடக்கும். இல்லாத வீட்டுக் காரியம் என்றால் வந்த கைகளுக்கு ஏற்ற தூரம். ஓலை எங்கே முடிகிறது என்று பார்த்தே செத்தது யார் என்று வெளியூர்க்காரன் சொல்லிவிடுவான். இதை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருசம்தான் கருப்பட்டி வியாபாரி ஒருவர் இறந்து, அவருக்கு ரோடு வரைக்கும் ஓலை கிடந்தது. அவருடைய மகன் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருவான். அந்த ஓலையை ஒரு மாதம் பேசினான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அதை விடுங்கள்.

அந்த வருசம் ஆனி மாதத்தில் அப்பாவின் அப்பா இறந்தார். மூத்த மகன், என் பெரியப்பா, கொழும்பில் கடையில் இருந்தார். தகப்பனோடு என்னவோ மனத்தாங்கல், பதினோரு வருசமாக வரவில்லை. நோவு முற்றியதும் தந்தி அடித்திருந்தார்கள். அவர் கப்பல் ஏறிவிட்டார். கப்பல் கரைக்கு வருகிற அன்றைக்கு விடியற்காலையில் உயிர் போய்விட்டது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் வைத்த பிறகு மூத்த மகன்தான் முகத்தைத் துணியால் மூட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆணி. ஆனால் சபை ஐயருக்கு, எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம், சாயங்காலம் வேறு ஊரில் ஆராதனை இருந்தது. வெயிலில் உடம்பும் தாங்காது. நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவானது. அதற்குள் பெரியப்பா வந்து சேர வேண்டும். வாடகைக் கார் தேரி விளிம்போடு நின்றுவிடும். அங்கிருந்து மணலில் நடந்தால் ஒன்றேகால் மணி நேரம்.

தேரியைத் தாண்டுகிற வண்டி ஒன்றுதான் இருந்தது. அது மாமாவுடையது. என் அம்மாவின் தம்பி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப்பில் வேலை. சண்டைக் காலத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் பின் சக்கரத்துக்கு டயர் இரண்டு வைத்திருந்தார். டவுனுக்குள் ஓடக் கோடு போட்ட டயர். எங்கள் ஊருக்கு வரும்போது மாட்டக் கட்டை வைத்த பட்டாளத்து டயர். அது தார் ரோட்டில் பல் அடித்துக்கொள்கிற மாதிரிக் கடகடக்கும், வேகம் போகாது. மணலில் ஆடு மாதிரி ஏறிவிடும்.

அப்பா என்னை எழுப்பி, முகம் கழுவ வைத்து, பஸ் ஏற்றிவிட ஆள் பிடித்துவிட்டு, ஒரு சேதியை மூன்று தடவை சொல்லவைத்தார். நாலு மணிக்கு எடுக்கிறோம். பெரியப்பாவைக் கூட்டி வா. ஓலை பாதிவழிக் கிணறு வரைதான், அதற்கு அப்பால் வெறும் மணல், பட்டாளத்து டயரை மாட்டிக்கொண்டு வா.

கண்டக்டர் என்னை ஒர்க்‌ஷாப் வாசலிலேயே இறக்கிவிட்டார். மாமா விசயத்தைக் கேட்டுத் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார். பிறகு ஒரு பையனைக் கப்பல் விசாரிக்க அனுப்பினார். சாமான் சோதனை முடிந்து ஆள் வெளியே வர மத்தியானம் ஒரு மணி தாண்டும் என்று பதில் வந்தது. மாமா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலேயே பின் சக்கரத்தைக் கழற்றினார். டயரை நெம்புகிற இரும்புப் பட்டை இரண்டையும் எடுத்து ஒன்றை ஓரத்தில் செருகினார்.

அப்போது அங்கே லாரிக்குப் பஞ்சர் பார்க்க வந்த ஒருவர், கருப்பட்டி வியாபாரி வீட்டு டிரைவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “எங்க மொதலாளிக்கு ரோடு வரைக்கும் ஓலை போட்டோம்லா. நெத்தியில வச்ச சந்தனம் அசையாம கார்லயே போனாவ எல்லாரும்.”

மாமா நிமிராமல் கேட்டார்: “ஏலே, நம்ம தாத்தாவுக்கு ஓலை எதுவரைக்கும் கெடக்கு?”

“ரோடு வரைக்கும் மாமா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்.”

டிரைவர் சிரிப்பை நிறுத்தினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாமா செருகிய பட்டையை வெளியே இழுத்துக் கீழே வைத்தார். ஓலை இருந்தால் கோட்டு டயரே போதும், தார் ரோட்டில் அரை மணி மிச்சம், பெரிய அத்தான் தகப்பன் பக்கத்தில் அந்த அரை மணி உட்காரட்டும் என்றார். சக்கரத்தைத் திரும்ப மாட்டினார். பட்டாளத்து டயர் சுவரில் சாய்ந்தே இருந்தது.

பெரியப்பா வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டிருந்தார். துறைமுக வாசலில் மாமா சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார். நான் பெட்ரோல் டாங்கின்மேல், மாமா நடுவில், அவர் பின்னால். உப்பளத்துக்கு நடுவே வண்டி பறந்தது. இரண்டு பக்கமும் உப்பு கண்ணைக் கூசவைத்தது. ஆற்றுப் பாலத்தில் பெரியப்பா குனிந்து, “தாத்தா கடைசியில என்னத் தேடினாராலே?” என்று கேட்டார். தேடினார் என்றேன். அது பொய் இல்லை. அன்றைக்கு நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நாசரேத் தாண்டுகிற வரைக்கும் நான் சொன்னது நடந்துவிடும் என்றே இருந்தேன். இத்தனை பேர் வெட்டுகிறார்கள், நாங்கள் போவதற்குள் ரோடு வரைக்கும் போட்டுவிடமாட்டார்களா.

தேரி விளிம்பில் மாமா வண்டியை நிறுத்தினார். சிவப்பு மணல், அதன்மேல் காற்று வரைந்த கோடு, தூரத்தில் பனை. ஓர் ஓலைகூட இல்லை. மணி மூன்று இருக்கும்.

மாமா என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் பின் டயர் பக்கம் குந்தியிருந்தார். காற்றைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். காற்று குறைந்தால் டயர் பரந்து மணலைப் பிடிக்கும். நூறடி போனோம். கோட்டு டயர் சுற்றியதே தவிர நகரவில்லை, சங்கிலி வரைக்கும் இறங்கிவிட்டது. தள்ளினோம், தூக்கினோம். இன்னொரு நூறடி. மறுபடியும் புதைந்தது. பெரியப்பா ஷூவைக் கழற்றினார், கோட்டைக் கழற்றி வண்டிமேல் போட்டார், ஓட ஆரம்பித்தார். பதினோரு வருசம் கடையில் நின்ற கால். அந்த மணல் சூடு அதற்குப் பழக்கமில்லை. நானும் மாமாவும் பின்னால் ஓடினோம்.

பாதிவழிக் கிணறு தெரிந்தது. அங்கிருந்து ஓலை, பச்சையாக, நேர்த்தியாக, ஊரைப் பார்த்துக் கிடந்தது. அதில் கால் வைத்தபோது கோயில் மணி அடித்தது. பெட்டி மூடித் தூக்குகிற மணி.

பெரியப்பா நின்றுவிட்டார். மணி ஓய்கிற வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு ஓடவில்லை. நடந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் குழி பாதி நிரம்பியிருந்தது. துணியை என் அப்பா மூடியிருந்தார். பெரியப்பா மூன்று கை மண் போட்டார். அவர் பாதம் கொப்பளித்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

எல்லாருக்கும் முன்னால் அப்பா மாமாவைப் பிடித்துக்கொண்டார். “நாளெல்லாம் டயர் மாட்டுத ஆளுக்கு மண்ணுக்கு எதுன்னு தெரியலியாவே? பையங்கிட்ட அத்தன தடவ சொல்லிவிட்டேனே. சொன்னானா இல்லியா?”

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

“சொன்னான் அத்தான்,” என்றார் மாமா. “நாந்தான் கேக்கல. தார் ரோட்டுல வெரசாப் போயிரலாம்னு நெனச்சிட்டேன்.”

பெரியப்பா மூன்றாம் நாள் கப்பல் ஏறினார். பிறகு வரவில்லை. அப்பா மாமாவோடு பேசவும் இல்லை. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் அழுவாள். வீட்டில் யாராவது ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டால், கோட்டு டயர் மாட்டிட்டான் என்று சொல்வது வழக்கமாகிப்போனது. நானும் சொல்லியிருக்கிறேன்.

மாமா மட்டும் வருவதை நிறுத்தவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருவார். வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவார். எப்போதும் பட்டாளத்து டயர்தான். தேரியில் சரளை போட்டு, பிறகு தார் போட்டு, பஸ்ஸும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த டயரோடுதான் வந்தார். அரை மைலுக்கு அப்பாலேயே கடகடவென்று கேட்கும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். நான் சத்தம் கேட்டதும் பனங்காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வேன், அவர் போகிற வரைக்கும் வரமாட்டேன். என் குட்டு அவரிடம் இருக்கிறதே என்று அவர்மேல் எனக்கு ஒரு வெறுப்புகூட இருந்தது. தாத்தா காரியத்தில் பொய் சொன்னவர்கள் இரண்டு பேர், அவரும் நானும், அதனால் கணக்குச் சரியாகிவிட்டது என்றும் எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

டயர் கடையில் பேரன் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியாதுலே, நீயே போய்ப் பார்த்துவிட்டு வந்து வாங்கு என்றேன். அவனுக்குக் கோபம். டயர் வாங்காமலே திரும்பினோம், கண்ணுக்கும் மருந்து போடவில்லை.

மாமா மணலுக்குப் பயந்துதான் அந்த டயரைக் கழற்றவில்லை என்று நான் பெரியவனான பிறகும் நினைத்திருந்தேன். அது எனக்காக என்று அன்றைக்கு டயர் கடையில்தான் பட்டது. எந்தப் பாதையானாலும் போகிற டயர் ஒன்று வண்டியில் இருந்தால், பாதை எப்படிக் கிடக்கிறது என்று வாசலில் நிற்கிற பையனிடம் ஒருபோதும் கேட்க வேண்டியதில்லை.