வெல்ல முடியாத கிணறு

கோயம்புத்தூரில் ஒரு கேம் கம்பெனியில் பதினெட்டு வருடம் டெஸ்டிங் பார்த்தேன். நாள் முழுக்க விளையாடிச் சம்பளம் வாங்குகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். ஒரே சுவரில் ஒரே காரை நானூறு தடவை மோதவிட்டுப் பார்த்தால் தெரியும் அவர்களுக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

1. செல்வியின் கேம்

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு இரண்டு வாரம் வெளி ஆர்டர் எதையும் தொட மாட்டோம். அவரவர் இஷ்டப்படி ஒரு கேம் செய்யலாம். நன்றாக இருந்தால் கம்பெனியே வெளியிடும். ஆனால் டெஸ்டிங் லீடாக நான் பாஸ் போட வேண்டும்; அது இல்லாமல் வெளியே யாருக்கும் காட்டக் கூடாது.

செல்வி ஆர்ட் டீமில் இருந்தாள். பெருந்துறைப் பக்கம் சின்ன ஊர். பக்கத்துச் சாயப்பட்டறையின் கழிவு இறங்கி அவர்கள் கிணறு கெட்டுப்போயிருந்தது. அதையே கேமாகச் செய்திருந்தாள். தண்ணீர் இறைக்க வேண்டும். ஒரு நாள் சிவப்பாக வரும், மறுநாள் நீலம். என்ன செய்தாலும் தெளியாது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவ்வளவுதான் கேம்.

பட்டறையைப் பெரிதாக்குவது பற்றி ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வரவிருந்தது. அன்றைக்குக் கூட்டத்தை நடத்த வரும் அதிகாரியின் கையில் போனைக் கொடுத்து விளையாடச் சொல்ல வேண்டும் என்பது அவள் திட்டம்.

2. பதினேழாவது பக்

கேமில் கண்ட தவறுகளை நாங்கள் பக் என்போம்; சில்லறைப் பக்குகள் பதினாறு எழுதினேன். பதினேழாவதாக, ‘ஜெயிக்க வழியில்லை, கட்டாயம் சரிசெய்யவும்’ என்று எழுதினேன். செல்வி என் சீட்டுக்கே வந்துவிட்டாள்.

“அக்கா, அது பக் இல்லீங்க. எங்கூர்க் கெணறு அப்படித்தானுங்க இருக்குது.”

“கண்ணு, ஜெயிக்கவே முடியாதுன்னா ரெண்டு நிமிசத்துல டெலீட் பண்ணிபோட்டுப் போயிருவாங்க. கடைசி லெவல்ல ஒரு ஃபில்டர் வெச்சுபோடு. தண்ணி தெளியட்டும்.”

“தெளியாதுங்கக்கா. அதுதானுங்களே கேமே.”

“அப்ப நான் பாஸ் போட முடியாது, அம்மணி.”

கூட்டத்துக்கு நான்கே நாள் இருந்தது. மறுநாள் ஃபில்டரை வைத்துக் கொண்டுவந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் பாஸ் போட்டேன். ஒரு நல்ல கேமைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமை வேறு.

3. கூட்டம்

ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. நானும் ஆர்வமாகப் போயிருந்தேன். அதிகாரி உண்மையிலேயே உட்கார்ந்து கடைசி லெவல் வரை விளையாடினார். தண்ணீர் தெளிந்தது, மாடு குடித்தது, அவர் சிரித்தார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பட்டறை மேனேஜர் மைக்கை வாங்கினார்.

“நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க. உங்கூர்ப் புள்ள செஞ்ச கேமே சொல்லுதுங்களே! ஒரு ஃபில்டர் வெச்சா தண்ணி தெளிஞ்சுருமுங்க. நாங்களும் வெச்சுத் தாரமுங்க.”

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். செல்வி எழுந்து, “அது நானா வெச்சதில்லீங்க” என்றாள். கேமில் அவள் பெயர்தான் இருந்தது, யார் நம்புவார்கள்? நான் எழுந்து, வைக்கச் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். பதினேழாவது பக்கை விட இது பெரிய தப்பு.

வெளியே வரும்போது செல்வியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளோடு வேலை பார்க்கிறவள் என்று அவ்வளவு மரியாதை.

“ஏனுங்க, அந்த பில்டரு எங்க கெணத்துக்கு எப்ப வருமுங்க?”

“தெரியலீங்க” என்றேன். செல்வி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். ஃபில்டரை எடுத்துவிட்டு நான் ஒரு அப்டேட் போட்டேன். அதற்குள் பட்டறையின் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பக் எழுதும் முன் செய்தவரிடம் காரணம் கேளுங்கள் என்று எல்லா ட்ரெயினிங்கிலும் சொல்வார்கள். நான் கேட்காமலேயே செல்வி என்னிடம் காரணத்தைச் சொன்னாள். அப்போதும் நான் கேமைத்தான் பார்த்தேன், அந்தக் கிணற்றைப் பார்க்கவில்லை.