செம்பட்டையான ஞாயிற்றுக்கிழமை

இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க ஊறிய மருதாணிக்கு ஒரு துரு வாசனை உண்டு. அதோடு கடையில் விற்கும் கறுப்பு ஹேர் டை பொட்டலத்தின் காரநெடியும் சேர்ந்தால் மூக்கு எரியும், கண்ணில் நீர் கட்டும். அல்சூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் அந்த வாசனை எழுந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு அலுப்புதான் முதலில் வருகிறது, அழுகை பிறகுதான்.

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபின் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்திருந்தார். அம்மா கார்மெண்ட்ஸில் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் எதுவும் அமையவில்லை. பூமிக்கு அடியில் இருபது வருடம் வேலை செய்தவருக்கு மேலே என்ன வேலை தெரியும் என்று போன இடமெல்லாம் கேட்டார்கள். கடைசியில் தங்கவயல்காரர் ஒருவர், தான் வேலை பார்க்கும் செக்யூரிட்டி கம்பெனியில் திங்கட்கிழமை காலை ஆள் எடுப்பதாகச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் அப்பாவின் தலையைப் பார்த்து, "இந்த நரையோட வந்தீன்னா கேட்லயே அனுப்பிடுவான்பா" என்றார். வயது வரம்பு என்று காகிதத்தில் ஒன்றும் கிடையாதாம், வாசலில் நிற்கிறவன் கிழவனாகத் தெரியக்கூடாதாம், அவ்வளவுதான். அப்பாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது, தலையும் மீசையும் முக்கால்வாசி வெளுத்திருந்தன.

டையைத் தனியாகப் போட்டால் முகம் வீங்கிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். ஊரில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் "லைன்" வீடுகளில் யாருக்கோ அப்படி ஆகியிருந்ததாம். அதனால் ஒரு பொட்டலம் டைக்கு ஒரு கிண்ணம் மருதாணி என்று அவளே ஒரு கணக்குப் போட்டு, "சூடு தணியும்" என்று இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டாள். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் பழைய பல்துலக்கும் பிரஷால் அப்பாவின் தலையிலும் மீசையிலும் அதைப் பூசினேன். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அன்று வராத நாள். டிரம்மிலிருந்து அரை வாளி எடுத்து அலசிவிட்டு அப்பா நிமிர்ந்தபோது, அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, செம்பட்டையா கீது!"

வெளுத்திருந்த இடமெல்லாம் ஆரஞ்சு. மீசை இன்னும் மோசம், பழுத்த மிளகாய் நிறம். நான் சிரித்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவும் கண்ணாடியைப் பார்த்து ஒரு கணம் சிரித்தார். மறுநாள் திங்கட்கிழமை என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ரிப்பேர் வேலை. எலுமிச்சம்பழம் தேய்த்தோம், நிறம் இன்னும் பளிச்சென்று ஆனது. துணி துவைக்கிற சோப்பைப் போட்டு அம்மா அழுத்தித் தேய்த்ததில் தலைத்தோல் சிவந்ததே தவிர ஆரஞ்சு அசையவில்லை. நான் ஓடிப்போய் இன்னொரு டை பொட்டலம் வாங்கிவந்தேன். மருதாணி கலக்காமல் அதைப் பூசினோம். சோப்பு போட்டுப் புண்ணாகியிருந்த தலையில் அது பட்டதும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்மணி நேரத்தில் இரண்டு காதும் வீங்கிவிட்டன. மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி அலசிப் பார்த்தால், பின்னந்தலையில் கறுப்புத் திட்டு, முன்னால் ஆரஞ்சு, நெற்றியில் மை அப்பிய கோடு. வாசலில் நின்று பார்த்த பக்கத்து வீட்டம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். அது சிரிப்பதைவிடக் கேவலமாக இருந்தது.

சாயங்காலம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "எடுத்துர்றேன், முடிதானே" என்றார். தலையை மழித்தால் மீசையையும் எடுக்க வேண்டும், அந்த மிளகாய்ப்பழ மீசையோடு எங்கும் போய் நிற்க முடியாது. அம்மா வழியை மறித்துக்கொண்டாள். "மாமா உயிரோட கீறாரு. மீசையும் தலையும் சேர்த்து எடுத்தா இன்னா அர்த்தம்? நீங்க மூத்த புள்ள."

அவள் சொன்ன மாமா என் தாத்தா, அப்பாவின் அப்பா. தங்கவயலில் சித்தப்பா வீட்டில் நன்றாகத்தான் இருந்தார். அப்பன் செத்தால்தான் மூத்த பிள்ளை மீசையும் தலையும் மழிப்பது எங்கள் வழக்கம். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைச் சலூனுக்கு நடந்தார். கன்னடக்கார முடிதிருத்துபவர் தலையை முடித்துவிட்டு, கத்தியைத் துடைத்தபடி, "மீசேனூ தெகீலா?" என்று கேட்டார். அதையும் எடுக்கவா என்கிறார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். வேலை கிடைத்துவிட்டது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னார். வரிசையில் நின்றவர்களில் இவரைப் பார்த்ததும் ஆள் எடுக்கிற அதிகாரி எழுந்துவந்து தோளில் கைவைத்து, "தந்தே ஹோக்பிட்ரா?" என்று கேட்டாராம். அப்பா போய்விட்டாரா என்ற கேள்வி அது. "நான் தலையாட்டிட்டேன்." வயதை யாரும் கேட்கவில்லை. துக்கத்திலும் வேலை தேடி வந்திருக்கிறான் பாவம் என்று உடனே எழுதிக்கொண்டார்கள். அம்மா மறுபடி சாமி படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முடி வளர்ந்தது, வெள்ளையாகவே வளர்ந்தது. இருபது நாளுக்கு ஒருமுறை, அரிப்புக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அப்பா டை அடித்தார். பூசுவது என் வேலை. பரீட்சை, காய்ச்சல், தீபாவளி எதற்கும் விடுமுறை கிடையாது. எனக்கு அந்த பிரஷைக் கண்டாலே கை வலிக்கும்.

இரண்டு வருடம் கழித்து தாத்தா நிஜமாகவே இறந்தார். ஏற்கெனவே இறந்துபோனவருக்கு எப்படி லீவு கேட்பது? செத்தது பெரியப்பா என்று சொல்லி ஒருநாள் லீவு வாங்கிக்கொண்டு அப்பா எங்களோடு தங்கவயலுக்கு வந்தார். மழிக்க ஆள் தயாராக உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவுக்கு யாரும் மீசை எடுப்பதில்லை, மழித்த முகத்தோடு திரும்பிப் போனால் யார் செத்தது என்று கேட்பார்கள். திருப்பதி என்று சொல்லியிருக்கலாமே என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மூன்றாவது பொய்க்கு அவரிடம் தெம்பு இருந்திருக்காது. "தம்பி எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கறுகறுவென்ற தலையோடு ஒதுங்கி நின்றார். "பெங்களூரு போய் தொரை ஆயிட்டான், அப்பனுக்கு மசுரு குடுக்க மனசு வரல" என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அல்சூர் வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். சலூன் இருந்த இடத்தில் செல்போன் கடை. அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. முழங்கால் வலி வந்து வேலையை விட்ட அன்றே அப்பா டையையும் விட்டார், இரண்டே மாதத்தில் வெள்ளை வெளேரென்று கிழவரானார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு வயதாவதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது ஆனேக்கல் பக்கம் என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் ஆபீசுக்குப் போகுமுன் என் முன்நெற்றி நரைக்கு நான் டை பூசிக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"நான் போனா எனக்கு யாரும் மொட்டை போட வேணாம்மா. எங்கப்பனுக்கு நான் போடல."

நான் அவருக்கு ஒரே பிள்ளை, அதுவும் பெண். போடுவதற்கு ஆளே இல்லையேப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரிப்பா" என்றேன்.