சுட வேண்டிய இடங்கள்

போன வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பொலிஸ் நிலையத்திலிருந்து பேசுவதாக ஒருவர் உடைந்த தமிழில் சொன்னார். "உங்கட கொப்பி ஒண்டு பஸ்ஸில கிடைச்சது. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. விசாரணை இருக்கு."

என் நம்பர் எழுதியிருந்த, தொலைந்துபோன கதைக் கொப்பி கிடைத்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். விசாரணை என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. "அம்மா, நோகுது" என்று மகள் சொன்ன பிறகுதான் அவளுடைய தலைமயிரை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது.

முருகனை நம்புகிறவர்களே, நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் சுகந்தி. சாம்பல்தீவில் பிறந்து, திருகோணமலை டவுனில் வாழ்க்கைப்பட்டவள். கலியாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது தொழில். ஆசை வேறு. எங்கள் ஊரை வைத்து இரண்டு மணி நேரப் படம் ஒன்று எடுக்க வேண்டும். தயாரிப்பாளர் என்று ஒருவரும் இல்லை. ஒரு நீலக் கொப்பியும் அதற்குள் ஐந்து கதைகளும்தான் என் சினிமா. நிலாவெளியில் பூட்டிக் கிடக்கும் ஹோட்டலில் ஒரு பேய்க்கதை. டவுனில் திரியும் மான்களைப் பற்றிச் சிறுவர் படம். இறக்கக்கண்டியில் ஒரு காதல். மாமியார் ஒருத்தியை வைத்துச் சிரிக்க வைக்கிற பகிடிப் படம். கடைசியாக ஒரு திகில் படம்: துறைமுகத்துக்குள் வெடிமருந்துப் படகு ஒன்று வருகிறது, அதை ஒரு சாதாரணக் கிளார்க் தடுத்து நிறுத்துகிறார்.

அந்தக் கடைசிக் கதைக்காகத் துறைமுகத்தை நான் கையால் வரைந்து வைத்திருந்தேன். வாசல்கள் எங்கே, காவல் எத்தனை மணிக்கு மாறுகிறது, படகு எந்தப் பக்கத்தால் வரும், எல்லாம் அம்புக்குறி போட்டு. நேரங்கள் எல்லாம் என் கற்பனை. யார் நம்புவார்கள்? அதைவிடப் பெரிய மடைத்தனம் ஒன்றும் செய்திருந்தேன். படம் எடுப்பதை ஷூட் என்பார்கள் அல்லவா? நானும் கமராக்கார நிரோஷனும் அதைப் பகிடியாகச் 'சுடுறது' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வாய்ப் பழக்கம் கைக்கும் வந்துவிட்டது. வரைபடத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: சுட வேண்டிய இடங்கள். கீழே ஏழு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரம்.

ஆளைப் பிடித்துக்கொண்டு போக ஒரு துண்டுக் காகிதமே போதும் என்றிருந்த யுத்த காலத்தைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவள் நான். "கேள்வி கேட்டுப்போட்டு விடுவினம்" என்று சொல்லிவிட்டுப் போன என் சித்தப்பா இன்னும் வரவில்லை. காலம் மாறிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் வயிற்றுக்கு அது தெரியவில்லை. அன்று சமைக்கவும் முடியவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் ஓடிப்போய் ஜன்னலால் பார்த்தேன். மகளுக்கு ஆறு வயது. நாளைக்கு நான் திரும்பி வராவிட்டால் அவள் என்ன செய்வாள் என்ற ஒரே நினைவு.

வீட்டிலிருந்த மற்றக் கொப்பிகளை எரிக்கக் குசினி அடுப்புக்குக் கொண்டு போனேன். என் கணவர் தயாபரன் கையைப் பிடித்தார்.

"எரிச்சா, செய்யாததைச் செய்த மாதிரி ஆயிடும். வையும்."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். நானும் கூட வாறன்."



உண்மையைச் சொல்கிறேன், நான் பெரிய பக்தை இல்லை. கணவரின் தாய், என் மாமி, வெருகலில் இருக்கிறா. அவ கூப்பிடுவதற்காக முருகன் கோயில் திருவிழாவுக்குப் போய், கமராவை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் நான். அன்று விளக்கு வைக்கிற நேரம் சாமிப் படத்துக்கு முன்னால் அப்படியே விழுந்துவிட்டேன். காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. சித்தப்பாவுக்காக வீடே அப்படிக் கேட்டது. அதனால் சின்னதாகக் கேட்டேன்.

"முருகா, அந்தக் கொப்பியை முழுக்க வாசிக்கிற ஆள் ஒண்டைக் குடு. ஒரு பக்கத்தோட நிப்பாட்டாத ஆள்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை.

அடுத்த நாள் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரியின் மேசையில் என் கொப்பி. தலைப்பின் கீழே யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கடைக்குப் போகிற அளவு சிங்களம்தான். "பிக்சர், பிக்சர்" என்று நான் சொல்ல, ஓம், பிக்சர்தானே என்பது போல அவர் வரைபடத்தைத் தட்டினார்.  வழமையாக மொழிபெயர்ப்பவர் லீவாம். வேறு ஒருவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண் சார்ஜன்ட். முகத்தில் சிரிப்பே இல்லை.

சிவப்புக் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, அதிகாரி திறந்து கொடுத்த பக்கத்தை விட்டுவிட்டு, முதல் பக்கத்துக்குப் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். பேய்க்கதை முடிந்தது. மான்கள் முடிந்தன. ஒரு பக்கத்தையும் அவர் தாண்டவில்லை. நான் கேட்ட ஆள் இவர்தான் என்று அப்போது எனக்கு மேல் சிலிர்த்தது. ஆனாலும் அந்த வரைபடப் பக்கத்துக்கு இன்னும் எத்தனை பக்கம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மாமியார் கதையில் நின்று, சத்தமாக வாசித்தார். "முதல் நாளே மாமியைச் சுட்டு முடிக்க வேண்டும். சுட்டதும் சோறு கொடுத்து, ஒரு மணி வெருகல் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்."

கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தங்கச்சி, சுட்ட ஆளுக்கு என்னத்துக்குச் சோறு?"

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. சுடுறது என்றால் படம் எடுக்கிறது, நடிக்கப்போவது என் சொந்த மாமி என்று அழுதழுது சொன்னேன். மாமியின் நம்பரை வாங்கி, என்னை வாய் திறக்க வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, உங்கட மருமகள் உங்களைச் சுடப் போறாவாம். தெரியுமா?"

"ஓம், தெரியும். போன மாசமே சுட்டிருக்க வேணும், மழையெண்டு விட்டிட்டா. நான் சீலையும் எடுத்து வைச்சுக்கொண்டு இருக்கிறன். எப்ப சுடுறது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ, பிள்ளை."

சார்ஜன்ட் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அவர் சிங்களத்தில் சொன்னதும் அதிகாரி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு அவரும் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. சார்ஜன்ட் மிச்சத்தையும் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்த பிறகுதான் என்னிடம் வாக்குமூலம் எழுதினார்கள். வரைபடப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, துறைமுகத்தை இனி வரைய வேண்டாம் என்று சொல்லிக் கொப்பியைத் தந்தார்கள். பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னமே போய் வாசலில் நின்றேன். மகளைக் கண்டதும் ரோட்டிலேயே கட்டிப்பிடித்து அழுதேன்.

அந்த ஆவணித் திருவிழாவுக்கு ஒருவரும் கூப்பிடாமலே வெருகலுக்குப் போனேன். கமராவைப் பற்றி நினைக்கவில்லை. நன்றி சொல்லத்தான் போனேன். ஆனால் இப்படி வாசிக்க ஆள் கிடைக்காமல் போனவர்களின் நினைவும் கூட வந்தது. இரண்டுக்கும் சேர்த்தே கும்பிட்டேன். படங்கள் இன்னும் கொப்பியில்தான் இருக்கின்றன. முருகன் நாள் குறித்தால் எடுப்பேன்.

எனக்குப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தெரியாத நம்பர் அடித்தால் இன்றைக்கும் நெஞ்சு இடிக்கிறது. உங்களில் யாராவது இப்போது அப்படி இருக்கலாம். மனம் தெளியட்டும், பிறகு கும்பிடுவோம் என்று நிற்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கேளுங்கள். நானும் நடுங்கிக்கொண்டேதான் கேட்டேன், அவன் தந்தான்.