காது வைத்த மடிப்பு

சென்ற ஆண்டு மே மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, ஒரு பெருநகரத்தில், மூன்றாம் மாடி வீடொன்றின் பால்கனிக் கொடியில் காலையில் காயப்போட்ட துணிகள் மாலையில் உள்ளறைக் கட்டிலின்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

இது நடந்தது. கேட்ட பலர் முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தக் குடும்பத்தின் இஸ்திரிக் கடைக்குப் போய்ப் பார்த்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

துணிகளுக்குச் சொந்தக்காரி, சிறிய ஊர் ஒன்றின் கடைத்தெருவில் கணவரோடு இஸ்திரிக் கடை நடத்துபவள். ஊரே அவளைக் கடையம்மா என்றுதான் கூப்பிடும். வாய் நிறையப் பேசுவாள். யாரைப் பார்த்தாலும் "வீட்டுக்கு வாங்க" என்பாள். சும்மா ஒப்புக்குச் சொல்வதில்லை. வந்தால் உண்மையிலேயே உட்கார வைத்துச் சோறு போடுவாள். நகரத்துக்குப் போன ரயிலில் டிக்கெட் பரிசோதகரைக் கூடக் கூப்பிட்டாள். "அவர் அபராதம் போட வந்தாரும்மா, விருந்துக்கு இல்ல" என்றார் கணவர்.

அவளும் கணவரும் சின்ன மகளும் பெருநகரத்துக்குப் போவது அதுதான் முதல் முறை. கூப்பிட்டவன் அவளுடைய கொழுந்தன். தாயில்லாப் பிள்ளை. அவள் மருமகளாக வந்தபோது அவனுக்கு ஆறு வயது. "அன்னிக்கு இவ இடுப்புல ஏறினவன், மீசை முளைச்சப்புறம்தான் இறங்கினான்" என்று கணவர் கிண்டல் செய்வார். வேலை கிடைத்து நகரத்துக்குப் போனவன் ஐந்து வருடமாக ஒரு தடவைகூட வாருங்கள் என்று சொன்னதில்லை. அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. திடீரென்று ஒருநாள் போன் வந்தது.

"அண்ணி, லீவுக்கு எல்லாரும் வாங்க. வீடு பெருசா இருக்கு."

அன்று மாலைக்குள் கடைத்தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ரயில் நிலையத்தில் கொழுந்தன் கசங்கிய சட்டையோடு நின்றான். கண்ணுக்குக் கீழே கருவளையம். தோளில் ஒரு பை.

"என்னப்பா இது? இஸ்திரிக்கடைப் பிள்ளை போடற சட்டையா? நம்ம தொழிலையே கெடுத்துடுவ போல."

"நேரமில்ல அண்ணி" என்றான். சிரிக்கவில்லை.

வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில். வாடகை வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவனுக்கு விட்டிருந்தார். கூடம், சமையலறை, ஓர் உள்ளறை, பால்கனி. பளபளவென்ற தரை. மகள் செருப்பை வீசிவிட்டு வழுக்கி விளையாடினாள். கொழுந்தன் பெட்டிகளை வாசற்படியில் நின்றபடியே உள்ளே தள்ளினான்.

"உள்ள வாயேன்ப்பா."

"நைட் டியூட்டி அண்ணி. ஆபீஸ்லயே படுத்துக்குவேன். அப்புறம்... வேலைக்கு ஒரு அம்மா வருவாங்க. கூச்ச சுபாவம். ஆள் இருந்தா முன்னாடி வர மாட்டாங்க. சாவி அவங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு. நீங்கபாட்டுக்கு இருங்க."

வியாழக்கிழமை எல்லோரும் ஊர் சுற்றிவிட்டு வந்தார்கள். நகரும் படிக்கட்டில் கால் வைக்கத் தெரியாமல் கணவர் அரைமணி நேரம் நின்ற கதையை மகள் நடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். கடையம்மா உள்ளறைக்குப் போனாள்.

கட்டிலில் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

மடிப்பைப் பார்த்தால் யார் கை என்று சொல்லிவிடுவாள். அவள் சட்டையின் இரண்டு கைகளையும் முதுகுப் பக்கம் மடிப்பாள். இடது கைப்பட்டியின் நுனியை மட்டும் சின்னக் காது மாதிரி வெளியே விடுவாள். அது அவள் கடை அடையாளம். கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு.

இந்த மடிப்பு வேறு. கணவரின் சட்டைக் கைகள் இரண்டும் முன்பக்கம், நெஞ்சின்மேல் குறுக்காக வைக்கப்பட்டிருந்தன. மகளின் கவுனும் அப்படியே.

"பாவம், பழக்கமில்லாத கை" என்றாள். ஒரு சட்டையைப் பிரித்துத் தன் மடிப்பில் மடித்து, அந்த அம்மா பார்த்துப் பழகட்டும் என்று மேலே வைத்தாள். புதிதாகக் கடைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள். வாயால் சொன்னால் மனசு கோணும்.

வெள்ளிக்கிழமை மாலை, எல்லாத் துணியிலும் கை முதுகுப் பக்கம்.

எல்லாவற்றிலும் காது.

"கெட்டிக்கார அம்மாப்பா!" என்று கொழுந்தனுக்குப் போன் செய்தாள். அவன் கேட்டான். "நீங்க... அவங்களுக்குக் கத்துக்கொடுத்தீங்களா அண்ணி?" குரலில் ஏதோ ஒரு நிம்மதி. அவளுக்கு அது அப்போது புரியவில்லை.

சனிக்கிழமை புதுச்செருப்பு கடித்துக் கால் கொப்புளித்துவிட்டது. மற்றவர்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு அவள் மட்டும் திரும்பினாள். வீடு காலி. உள்ளறை காலி. காய்ந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள். கூடத்துத் தரையில் படுத்தாள். மூன்றேகால் மணி இருக்கும்.

தப்.

அரைத்தூக்கத்தில் கேட்டது.

தப்... தப்...

உள்ளறையில். உள்ளங்கையால் துணியைத் தட்டுகிற சத்தம். அவளுக்குத் தெரியாத சத்தமா?

"வேலைக்கு வர்ற அம்மாவா?"

சத்தம் நின்றது.

"நான் எட்டிப் பார்க்க மாட்டேன். நீங்கபாட்டுக்குச் செய்யுங்க. கை ரொம்ப சுத்தமா வந்துடுச்சும்மா."

உள்ளறைக் கதவிடுக்கில், தரையோடு தரையாக, நிழல் ஒன்று வந்து நின்றது. இந்தப் பக்கம் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

அப்புறம் மெதுவாக விலகியது.

தப்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கிளம்பினார்கள். பெட்டிகள் வெளியே வந்தாயிற்று. கொழுந்தன் வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணி... அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. உள்ளதான் இருப்பாங்க."

"சொல்லாம போவேனா?" அவள் உள்ளறைக் கதவருகே போனாள். "நாங்க போயிட்டு வரோம்மா. நீங்களும் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க. அவசியம் வரணும்."

தப்.

ஒரே ஒரு தட்டு. அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கொழுந்தன் பெரிய மூச்சு விட்டான். கதவைச் சாத்தினான். வெளியே கனமான பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் பூட்டினான்.

மகள்தான் கேட்டாள். "சித்தப்பா, உள்ள இருக்கிறவங்க எப்படி வெளிய வருவாங்க?"

"வந்துடுவாங்க" என்றான்.

ரயில் கிளம்பி வெகுநேரம் கழித்துத்தான் கடையம்மாவுக்கு அது உறைத்தது. சனிக்கிழமை கணவரும் மகளும் வந்து கதவைத் தட்டியபோது, தாழ்ப்பாளை நீக்கியது அவள் கை. உள்ளே தாழ்ப்பாள். சாவி இருந்தால் மட்டும் அந்த அம்மா எப்படி உள்ளே வந்திருக்க முடியும்?

கணவரிடம் சொல்லவில்லை. இருக்கையின் ஓரத்தைப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் மதியம். சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். மேசைமேல் மடித்த துணிக் கட்டு ஒன்று அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. காலையில் வந்த துணி. இன்னும் அவள் தொடவே இல்லை.

"எப்ப மடிச்சீங்க?"

கணவர் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார். "நான் எங்க மடிச்சேன்? உன் காதுதானே தொங்குது."

"நான் மடிக்கல."

"உன் கை எனக்குத் தெரியாதாம்மா?"

அவருக்குத் தெரியும். அதுதான் வினை. அது அவள் கையேதான். ஊரில் யாரிடம் காட்டினாலும் அவள் மடித்தது என்றுதான் சொல்வார்கள்.

கடைக்குள் இருந்த பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்து...

தப்.

கொழுந்தன் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தான்.

"அது யாருப்பா?"

"தெரியாது அண்ணி."

"தெரியாமலா வேலைக்கு வர்ற அம்மான்னு சொன்ன?"



"அந்த வீட்ல நாலு மாசம் அண்ணி. கண்ணை மூடினா தட்டுற சத்தம். சட்டையை வெளிய வச்சா, நெஞ்சுமேல கை வச்சு மடிச்சு வச்சிருக்கும். துணியெல்லாம் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு முன்னாடி அங்க இருந்தவர்தான் சொன்னார். யாராவது மனசாரக் கூப்பிட்டா, அவங்களோட போயிடுமாம். நான் எத்தனையோ பேரைக் கூட்டிட்டு வந்தேன். கூப்பிடச் சொன்னேன். எல்லாரும் ஒப்புக்குத்தான் கூப்பிட்டாங்க."

அவன் குரல் உடைந்தது.

"மனசாரக் கூப்பிடற ஆளு... உங்கள விட்டா எனக்கு யாரைத் தெரியும் அண்ணி?"

அவள் திட்டவில்லை. அழவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கப் போன வாயை மூடிக்கொண்டாள். போனை வைத்தாள்.

அந்த வாரம் அவள் மடிப்பில் காது வைப்பதை நிறுத்தினாள். மறுநாள், அவள் தொடாமலே மேசையில் மடித்துக் கிடந்த துணிகளிலும் காது இல்லை.

கொழுந்தன் இப்போது அந்த வீட்டிலேயே படுக்கிறான். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை தபாலில் வந்தது. யாரும் போகவில்லை.

இஸ்திரிக் கடை நடக்கிறது. துணி கொடுக்க வருகிறவர்களிடம் கடையம்மா கணக்காகப் பேசுகிறாள். யாரையும் வீட்டுக்கு வாங்க என்று சொல்வதில்லை.