வெள்ளிக்கிழமை நகராத வரிசை

எங்கள் தெருப் பொன்செல்வி வண்ணார்பேட்டைச் சேலைக்கடை ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். கல்லாவில் ஒரு சேலை விற்றால், அந்தச் செய்தி ரேஷன் கடை ஆட்கள் மாதிரி வரிசையில் நின்று ஆன்லைன் கடைக்குப் போய், அங்கேயும் அந்தச் சேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுமாம். வரிசை நகர்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரிசை நகராமல் நின்றது. கல்லாவில் விற்றுப்போன சேலையையே ஆன்லைனிலும் ஆட்கள் வாங்கிவிட்டார்கள்.

"ஏ பிள்ள, இன்னொரு தடவை இப்படி நடந்தா நீ வீட்டோட இருந்துக்கோ" என்றார் முதலாளி அண்ணாச்சி.

அடுத்த வெள்ளி, வரிசை நின்றதுமே எழுந்து கம்ப்யூட்டரிலிருந்து போகும் நெட் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சாமி படத்தடியில் போய் முடிந்தது. நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அண்ணாச்சி லட்சுமிக்குச் சீரியல் விளக்குப் போட்டிருந்தார்.

"லெச்சுமிக்கு வெளிச்சம் காட்டுதேன்னு, உள்ள வார லெச்சுமியை வாசல்லயே நிறுத்திட்டியளே அண்ணாச்சி!"

கடையே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே சாமிக்குத் தனி பிளக் வைக்க ஆள் வரவழைத்தார்.

"ஏட்டி, தீவாளிக்கு லீவு கீவு கேட்டுராத. இந்த வரிசையை நீதான் பாக்கணும்" என்றார்.