மகளுக்குக் கட்டிய அறை

மரத்தூளைப் பசையால் ஒட்டிப் பலகை செய்யும் ஆலையில் பசை கலக்குகிறவர் வாயில் எப்போதும் கேலிதான். "என் மூக்கை எப்பவோ முதலாளிகிட்ட அடகு வச்சிட்டேன்" என்பார். பொய்யில்லை. அழுகிய முட்டையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் அவருக்குத் தெரியாது. பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கிளம்பினால் புதிதாக வருகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவான். அவருக்குக் கண் கலங்குவதுகூட நின்றுபோயிருந்தது.

தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படாத மனுஷன், ஒரே மகளுக்கு மூச்சிரைப்பு வந்ததும் ஆடிப்போனார். வீடு ஆலையின் பின்சுவரை ஒட்டி இருந்தது. புகைபோக்கிதான் காரணம் என்று கறுவிக்கொண்டு மகளுக்குத் தனி அறை கட்டினார். மூலை உடைந்ததென்று ஒதுக்கிய புதுப் பலகைகளை மேலாளர் சும்மாவே கொடுத்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? சுவர், கூரை, கட்டில், அலமாரி எல்லாம் அந்தப் பலகைதான். சன்னல் இடுக்கிலெல்லாம் நாடா ஒட்டினார்.

"அந்த ரூமுக்குள்ள போனா கண்ணு எரியுதுங்க" என்றாள் மனைவி.

"புதுப் பலகைன்னா அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

சரியாகவில்லை. மகளுக்கு இரைப்பு கூடியது.

காற்றைச் சோதிக்க வந்த அதிகாரி அம்மா, வீட்டுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக விரல் நீளக் குழாய்களைக் கொடுத்தாள். ஒரு வாரம் தொங்கினால் காற்றிலுள்ள ஃபார்மால்டிஹைடு அதில் படியும், ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். ஆலையின் குட்டு உடையட்டும் என்று அவரே ஆசையாகக் கட்டினார். உள்ளே கட்டவேண்டியதை மகளின் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டார்.

முடிவோடு வந்தவள் தயங்கினாள். "அண்ணா, ரெண்டையும் மாத்திக் கட்டிட்டீங்களா?"

"இல்லையே. நான்தான் கட்டினேன்."

அவள் அறைக்குள் எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெருவுல இருக்கறதைவிட இங்கதான் பல மடங்கு. இந்தப் பலகை எல்லாம் புதுசா?"

பசைக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் கலந்த பசை, அவர் அடித்த ஆணி. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பாய்ந்துபோய் நாடாவைக் கிழித்துச் சன்னலைத் திறந்தார். எதிரே புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது.

"வெளிய எவ்வளவும்மா இருக்கு?"

"அதுவும் அளவுக்கு மேலதான் அண்ணா."

மகள் தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "அப்பா, அப்ப நான் எங்க படுக்கறது?"